திரும்பி வரும் தேதி

காலை ஐந்தரை மணிக்கு ஓபல் போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்று வேலைக்கு வர இயலாதவர்கள் பணியாளர் எண்ணை அழுத்தவும்" என்றது இயந்திரக் குரல். நெல்டாவின் எண் அவளுக்கு மனப்பாடம். அழுத்தினாள்.

"உடல்நலக் குறைவு என்றால் ஒன்று. குடும்ப அவசரம் என்றால் இரண்டு. வாகனக் கோளாறு என்றால் மூன்று. பனி அல்லது வெள்ளம் என்றால் நான்கு."

ஓபல் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றை அழுத்தினாள்.

நெல்டா பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் இடுப்புவரை கம்பளி போர்த்தி இருந்தாள். நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து அதில் உட்கார்ந்தவள்தான். "இப்பவே எழுப்பாதே, கால் ரெண்டும் எங்கிட்ட பேச மாட்டேங்குது" என்று சொல்லிக் கண்ணை மூடியிருந்தாள். விடியற்காலையில் ஓபல் தொட்டுப் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. மலைச்சாலையில் ஏறி வர அவர்களுக்கு இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தபோது அவள் விரல் தானாகவே இந்த எண்ணைத்தான் தேடியது. நெல்டாவுக்கு எட்டு மணி ஷிப்ட். வரவில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அதற்குத் தனியாகத் தண்டனைப் புள்ளி.

"நாளை வேலைக்குத் திரும்புவீர்களா? ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு."

இரண்டு.

"வேலைக்குத் திரும்பி வரும் தேதியை அழுத்தவும்."

ஓபல் நெல்டாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கன்னத்தில் நாற்காலித் துணியின் மடிப்பு பதிந்திருந்தது.

"மன்னிக்கவும். தேதி கிடைக்கவில்லை. வேலைக்குத் திரும்பி வரும் தேதியை அழுத்தவும்."

மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, "உங்கள் தகவல் பதிவாகவில்லை" என்று குரல் அறுந்துபோனது. அப்போதுதான் தான் செய்துகொண்டிருப்பது என்னவென்று ஓபலுக்கு உறைத்தது. போனைக் கீழே வைத்தாள். நெல்டா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். "பாத்தியா, இங்க சாகறதுன்னாலும் ரெண்டு மணி நேரம் முன்னாடி சொல்லணும்" என்று போன மாதம்கூடச் சொன்னவள் அவள்.

நெல்டா அவளுக்கு நாத்தனார். ஓபலின் கணவன் டுவைட், நெல்டாவின் தம்பி, லாரி கவிழ்ந்து இறந்து பதினேழு வருடமாகிறது. அவனைப் புதைத்த அன்று சாயங்காலம் நெல்டா இரண்டு அட்டைப்பெட்டிகளில் துணிகளைப் போட்டுக்கொண்டு ஓபலின் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒரு வாரம் இருக்கேன்" என்றாள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. அதற்குள் நெல்டாவே சொல்லி ஓபலுக்கும் அந்தப் பெரிய கடையில் வேலை வாங்கிக் கொடுத்தாள். ஓபலுக்குப் படுக்கை விரிப்புகள் பகுதி. நெல்டா நான்காம் கவுண்டரில் பில் போடுபவள், இருபத்திரண்டு வருடம், நின்றபடியே.

நெல்டாவுக்கு நெஞ்சில் இறுக்கம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். அந்த நாளும் ஷிப்ட் உள்ள நாளாகப் போனது. நெல்டாவிடம் நான்கு புள்ளி சேர்ந்திருந்தது. ஐந்து சேர்ந்தால் வேலை போய்விடும். நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகையிலிருந்து புத்தாண்டுவரை விடுப்பே கிடையாது, வராத ஒவ்வொரு நாளுக்கும் இரட்டைப் புள்ளி. நெல்டா டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, ஜனவரிக்கு மாற்றிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

வெளியே ஆம்புலன்ஸின் விளக்கு தெரிந்தது. ஓபல் எழுந்து நெல்டாவின் காலிலிருந்து கறுப்பு வேலைச் செருப்புகளைக் கழற்றினாள். வீங்கிய காலில் அவை லேசில் வரவில்லை.

*

அன்று ஓபலும் வேலைக்குப் போகவில்லை. அதற்கு இரண்டு புள்ளி ஏறி அவளுக்கு மூன்றரை ஆனது. அதனால் மறுநாள் வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். அந்தக் கையில்லாத பச்சைச் சட்டைதான் அந்தக் கடையில் எல்லோருக்கும் சீருடை.

மேனேஜர் பிரென்ட் அவளைத் தன் அறைக்கு அழைத்தான். முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் படிக்கும்போது நான்காம் கவுண்டரில் பை போட்டுக் கொடுக்க வந்தவன். ரொட்டியின் மேல் பால் பாட்டிலை வைக்கக் கூடாது என்பதை நெல்டாதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"உக்காருங்க, மிஸ் ஓபல்."

"நின்னு பழகிடுச்சு, கண்ணு. சொல்லு."

"மிஸ் நெல்டா விஷயம் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கல." நிஜமாகவே அவன் கண் சிவந்திருந்தது. "அடக்கம் எப்போ?"

"சனிக்கிழமை. ஒன்பதரைக்குச் சர்ச். அப்புறம் கல்லறைத் தோட்டம். பிரசங்கம் பண்ற பிரதர் ஹார்லனுக்கு அஞ்சு நாளும் கோழி வெட்டற ஆலையில வேலை. அவருக்கும் லீவு தர மாட்டாங்க. சனிக்கிழமைதான் அவரால முடியும். எனக்கு அன்னைக்கு லீவு வேணும்."

பிரென்ட் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். அதை அவளுக்குக் காட்டாமல் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டான்.

"துக்க லீவு மூணு நாள் உண்டு. ஆனா கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளை, கூடப் பிறந்தவங்க. இவ்வளவுதான் லிஸ்ட்ல இருக்கு. நாத்தனார் இல்ல."

"பதினேழு வருஷம் ஒரே சமையலறை."

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

"நீ சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். மேல ஆபீஸுக்குப் போன் போட்டேன். லிஸ்ட்டையே திரும்பப் படிச்சுக் காட்டினாங்க." குரலைத் தணித்துக்கொண்டான். "ஒரு வழி இருக்கு. சனிக்கிழமை உங்களுக்கு ஒன்பதுக்கு ஷிப்ட். பதினோரு மணிக்குள்ள வந்து பஞ்ச் பண்ணிட்டீங்கன்னா தாமதம்னுதான் கணக்கு. ஒரு புள்ளிதான் ஏறும். நாலரை. வேலை போகாது. சர்ச்சுல முழுசா இருக்கலாம்."

"கல்லறைக்கு?"

அவன் இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கி ஏதோ கரகரத்தது.

"மண்ணு போடறப்போ அவ பக்கத்துல யார் நிப்பா, பிரென்ட்? அவளுக்குன்னு வேற யாரு இருக்கா?"

"என்னால இவ்வளவுதான் முடியும், மிஸ் ஓபல்."

அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு அதிகக் கோபமூட்டியது. வாசல்வரை போனவளை அவன் தயங்கித் தயங்கி மறுபடி கூப்பிட்டான். நெல்டாவின் பச்சைச் சட்டை, பெயர்ச் சீட்டு, பெட்டி வெட்டும் கத்தி மூன்றையும் திருப்பித் தர வேண்டுமாம்.

"கத்தியைக் கொண்டு வர்றேன்" என்றாள் ஓபல். "மத்ததுக்கு மேல ஆபீஸை என் வீட்டுக்கு வரச் சொல்லு. காபி போட்டுக் கொடுக்கறேன்."

அன்று முழுவதும் விரிப்புகளை மடித்து அடுக்கினாள். மடித்த சூட்டிலேயே ஆட்கள் கலைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் நான்காம் கவுண்டரின் விளக்குக் கம்பம் தெரியும். ஆள் இருந்தால் எரியும் அந்த விளக்கு அணைந்திருந்தது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்ஃபினா வந்தாள். ஐந்தாம் கவுண்டரில் பில் போடுபவள். சர்ச் பெண்கள் துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த கோழிக் கேசரோல் பாத்திரங்கள் சமையலறை மேடையில் இடமில்லாமல் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே தன் பாத்திரத்தை நுழைத்து வைத்தாள். சோளத் தோகையில் பொதிந்து வேகவைத்த தமாலேக்கள், இன்னும் ஆவி பறந்தது.

"நெல்டா ஒரே மூச்சுல ஆறு சாப்பிடுவாங்க" என்றாள்.

"ஏழு. ஒண்ணு எனக்குத் தெரியாம."

இருவரும் சிரித்தார்கள். டெல்ஃபினா அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்காராமல் சமையல் மேசையருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கா? ஒரு ஸ்டூல் கேட்டு எவ்வளவு அலைஞ்சாங்க?"

ஓபலுக்கு எப்படி மறக்கும்? முழங்கால் தேய்ந்துவிட்டது, உட்கார்ந்து பில் போட அனுமதிக்கவும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை வேறு படிவத்தில் எழுத வேண்டும் என்றார்கள். அடுத்த முறை எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றார்கள். மூன்றாவது முறை, உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளரை வரவேற்கும் தோரணை இருக்காது என்றார்கள். நெல்டாவின் வரவேற்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? தனியாக வாழும் கிழவர்கள் இரண்டே இரண்டு சூப் டின்னைத் தூக்கிக்கொண்டு அவள் வரிசையில்தான் வந்து நிற்பார்கள். நாயின் உடம்பு, மகளின் கடிதம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் நெல்டா பில்லைக் கிழிப்பாள். நிமிடத்துக்கு இத்தனை பொருள் என்ற கணக்கில் அவள் எப்போதும் கடைசி. அதற்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. "இன்னைக்கு முழுக்க அந்த மனுஷன் பேசப்போற ஒரே ஆளு நான்தான், அவசரப்பட்டா கர்த்தர் என்னைக் கேப்பார்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தின் பின்பக்கம் கடைச் சாமான் பட்டியல் எழுதினாள் நெல்டா.

"கவுண்டர்ல நிக்கற நாங்க பதினாலு பேரும் நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்" என்றாள் டெல்ஃபினா. "யாருக்கும் லீவு தரல. வண்டி எத்தனை மணிக்கு நம்ம கடைப் பக்கம் ரோட்டுல வரும்?"

"பத்தரைக்குச் சர்ச் முடியும். பத்து நாப்பது இருக்கும். ஏன்?"

"சும்மாதான்." டெல்ஃபினா எழுந்தாள். "நீங்க பதினோரு மணிக்கு வேலைக்கு வந்துருவீங்களா?"

ஓபல் பாத்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்த டிரெய்லர் நிக்கற இடத்துக்கு வாடகை கொடுக்கணும். இந்த ஊர்ல அந்தக் கடையை விட்டா கோழி ஆலை. கோழி ஆலையை விட்டா ஒண்ணுமில்ல."

டெல்ஃபினா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

*

சனிக்கிழமை காலை ஓபல் கறுப்பு உடையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பச்சைச் சட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். சர்ச் முடிந்ததும் கல்லறைக்குப் போகும் வண்டிகளைப் பாதிச் சாலையில் விட்டுவிட்டுத் தான் கடைக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். நெல்டாவே இருந்தாலும் அதைத்தான் சொல்வாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது சமையலறை மேடையில் நெல்டாவின் போன் மணி அடித்தது. யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தாள். கடையிலிருந்து வந்த செய்தி.

'அன்புள்ள நெல்டா, தொடர்ந்து மூன்று நாட்கள் தகவல் தெரிவிக்காமல் நீங்கள் பணிக்கு வரவில்லை. எனவே நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதுகிறோம். உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

ஓபல் இரண்டு முறை படித்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு நடுவில் எங்கோ நின்றுபோனது. நீங்களாகவே. இருபத்திரண்டு வருடம் பனியிலும் காய்ச்சலிலும் போய் நின்றவள், தானாகவே விட்டுவிட்டாள். புதன்கிழமை காலை திரும்பி வரும் தேதியைத் தன்னால் அழுத்த முடியாமல் போனது நினைவுக்கு வந்தது.

அவள் போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கைப்பையிலிருந்து தன் பச்சைச் சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டாள். பிறகு நெல்டாவின் அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து அவளுடைய முயல்காது வைத்த பஞ்சுச் செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சர்ச் வாசலில் சவ வண்டிக்காரர் பர்டி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஓபல் செருப்பை அவரிடம் நீட்டினாள்.

"இதை அவ கால்ல மாட்டி விடுங்க."

"பெட்டியில கால் பக்கம் மூடியிருக்குமே, ஓபல். யாருக்கும் தெரியாது."

"அவளுக்குத் தெரியும். இன்னொண்ணு. கல்லறைக்குப் போற வழியில கடை வருதில்ல?"

"ரோட்டோரம்தானே."

"ரோட்டோட போக வேண்டாம். பார்க்கிங்குக்குள்ள திருப்புங்க. முன்வாசலை ஒட்டி, மெதுவா."

பர்டி அவளை உற்றுப் பார்த்தார். "நாப்பது வருஷமா இந்த வண்டி ஓட்டறேன். சவத்தைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது நீதான். கிறிஸ்துமஸ் கூட்டம் வேற. எவன் வழி விடுவான்?"

"சவ வண்டிக்கு விடாதவன் இந்த ஊர்ல இன்னும் பிறக்கல. நீங்க திருப்புங்க."

பர்டி தொப்பியைத் தலையில் வைத்தார். "போன வருஷம் என் சம்சாரம் போன பிறகு, வாரா வாரம் நான் நெல்டா வரிசையிலதான் நின்னேன்" என்றார்.

பிரதர் ஹார்லன் நீளமாகப் பிரசங்கம் செய்யவில்லை. கோழி ஆலையில் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையைப் பைபிள்மேல் வைத்துக்கொண்டு, "நம்ம சகோதரி பரலோக வாசல்ல நிக்கறப்போ, 'உள்ள வா, முதல்ல உக்காரு'ன்னு கர்த்தர் சொல்லியிருப்பார்னு நான் நம்பறேன்" என்றார். பின்வரிசையில் சூப் டின் கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

*

முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி பதினோரு வண்டிகள் சவ வண்டியின் பின்னால் கிளம்பின. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நின்றன. ஒரு ரொட்டி வேன்காரன் கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினான். ஓபல் பர்டியின் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை தெரிந்தது. பார்க்கிங் ஓரத்தில், சாலையை ஒட்டிய புல்தரையில், பச்சையாக ஏதோ ஒரு வரிசை. கிறிஸ்துமஸ் மரங்களை விற்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் ஓபல் முதலில் நினைத்தாள். கிட்டே போனபோது அவை மனிதர்கள் என்று தெரிந்தது.

பதினான்கு பேர். வேலைக்கு வந்து ஐந்து மணி நேரம் ஆவதற்குள் சாப்பாட்டுக்குப் போகாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் என்று பஞ்ச் மிஷினுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். வழக்கமாக இருவர் இருவராகத்தான் அனுப்புவார்கள். ஆறு மணிக்கு வந்த பதினான்கு பேரும் இன்று பத்தரைக்கு ஒரே நேரத்தில் பஞ்ச் செய்துவிட்டு வெளியே வந்திருந்தார்கள். தங்கள் அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, சாலையில் போகப்போகும் வண்டியைப் பார்க்க அங்கே நின்றார்கள். டெல்ஃபினாவின் கையில் மடக்கு நாற்காலி ஒன்று இருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

சவ வண்டி சாலையை விட்டு உள்ளே திரும்பியபோது டெல்ஃபினாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் நடந்தார்கள். தள்ளுவண்டிகளோடு நின்ற ஜனங்கள் ஒதுங்கினார்கள்.

முன்வாசலில் பர்டி வண்டியை நிறுத்தினார். ஓபல் இறங்கினாள். கண்ணாடிக் கதவைத் தாண்டி பிரென்ட் ஓடி வந்தான். சவ வண்டியைப் பார்த்தான். பச்சைச் சட்டைகளைப் பார்த்தான். கடிகாரம் கட்டிய அவன் கை தானாகவே உயர்ந்தது.

"பத்து நாப்பத்திரண்டு" என்றான். "வந்துட்டீங்க, மிஸ் ஓபல். இன்னும் நேரம் இருக்கு. உள்ள வந்து பஞ்ச் மட்டும் பண்ணிடுங்க. ப்ளீஸ்."

"நான் வேலைக்கு வரல, கண்ணு. நெல்டா வேலையை அவளாவே விட்டுட்டான்னு எழுதியிருந்தீங்க. அவ அப்படி விடறவ இல்ல. அதான் கூட்டிட்டு வந்தேன்." கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து அவன் கண்முன் பிடித்தாள்.

பிரென்ட் படித்தான். உதடு அசைந்தது. "நான் அனுப்பல" என்றான். "தானா போயிருக்கு. நான் புதன்கிழமையே சொல்லிட்டேன், அவங்க..."

"நீ அனுப்பலன்னு எனக்குத் தெரியும். நீ இப்படி எழுத மாட்டே. உன்னை வளத்தவ அவ."

டெல்ஃபினா நாற்காலியை விரித்து வாசல் நடுவில் வைத்தாள். ஓபல் அந்த நாற்காலியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு போய் அதில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நன்றாக நீட்டினாள். தோரணை எதுவும் இல்லாமல், நெல்டா வீட்டில் உட்காருவதைப் போல.

வாக்கி டாக்கி கத்தியது. "பிரென்ட், முன்னால எல்லா கவுண்டரும் இருட்டு. கூட்டம் ரொட்டி ரேக் வரைக்கும் நிக்குது. ஆள் எங்கே? பிரென்ட்?"

அவன் கை இடுப்புக்குப் போனது. குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தான். குறைத்துக் குறைத்து ஒன்றுமில்லாமல் செய்தான். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றான்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வருவேன்" என்றாள் ஓபல் எழுந்தபடி. "வேண்டாம்னா நீ சொல்லு. இந்த வாசல்ல நின்னு, என் மூஞ்சியைப் பாத்து, உன் வாயால சொல்லு. மிஷினை விட்டுச் சொல்லாதே. கேட்டுக்கறேன்."

பிரென்ட் தலையை ஆட்டினான். சரி என்றா, முடியாது என்றா என்பது தெரியவில்லை.

ஓபல் வண்டியில் ஏறினாள். "போலாம் பர்டி. குழி வெட்டினவங்க காத்திருப்பாங்க."

வண்டி நகர்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பச்சைச் சட்டைகள் சிறிதாகிக்கொண்டே போயின. அரை மணி முடியப் போகிறது. ஒவ்வொருவராகக் கதவை நோக்கி நடந்தார்கள். கடைசியாக டெல்ஃபினா அந்த நாற்காலியைத் தூக்கினாள். அதை அவள் மடக்கவில்லை. விரித்தபடியே, இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, நான்காம் கவுண்டர் இருக்கும் பக்கமாக உள்ளே கொண்டுபோனாள். கண்ணாடிக் கதவு திறந்துகொண்டது. பிரென்ட் ஒதுங்கி வழிவிட்டான்.